ஆணி பிடுங்கத் தெரியாத ஊரில் ஒரு மரத்தொட்டி

தமிழ்நாட்டில் புது வீடு கட்டுகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் நர்சரிக்குப் போய் நான்கு செடி, நான்கு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்து சிட்-அவுட் ஓரத்தில் வரிசையாக வைப்பார்கள். வாசலில் கட்டிய வாழை மரத்தை அவிழ்த்து மூன்று மாதம் ஆவதற்குள் அதில் இரண்டு செடி காய்ந்திருக்கும். இரண்டு மூன்று கோடை போனால் தொட்டியின் விளிம்பு வெளுத்து, கை பட்டாலே சில்லு சில்லாக உடையும். பிறகு அவை செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ச் சேரும். அடுத்த பொங்கலுக்கு மறுபடி நான்கு தொட்டி... மறுபடி நான்கு செடி...

"மரத்தில் நீளமாக ஒரு பெட்டி அடித்து வைக்கலாமே?" என்று யாராவது கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். மரம் விலை அதிகம். மழையில் அழுகிவிடும். கரையான் அரித்துவிடும்.

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றுமே சால்ஜாப்பு. உண்மையான காரணம் நான்காவது. அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதலில் இந்த மூன்றையும் ஒரு கை பார்த்துவிட்டால் நான்காவது தானாகவே வெளியே வரும்.

விலை அதிகமாம்!

மரம் என்று சொன்னவுடனே எல்லாருக்கும் தேக்குதான் ஞாபகம் வருகிறது. பூஜை அறைக் கதவுக்குத் தேக்கு கேட்ட அதே வாய், செடி வைக்கிற பெட்டிக்கும் தேக்குதான் கேட்கிறது. தேக்கு கன அடி ஆயிரக்கணக்கில் போகிறது என்பது உண்மை. ஆனால் கொத்துமல்லி வளர்க்கத் தேக்கு எதற்கு?

கணக்கைப் பாருங்கள். 3 அடி நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி. நான்கு பக்கமும் அடியும் சேர்த்து வேண்டிய பலகை சுமார் 9 சதுர அடி. முக்கால் அங்குலக் கனம் என்று வைத்தால், மொத்த மரமே அரை கன அடிக்குக் கொஞ்சம் மேல். பைன் மரமாக இருந்தால் எடை எட்டு கிலோ வரும். இவ்வளவுதான் விஷயம்.

இந்த எட்டு கிலோ மரம் எங்கே கிடைக்கும்? அம்பத்தூர், கிண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கோயம்புத்தூர் என்று எங்கெல்லாம் தொழிற்பேட்டையும் ஆலையும் இருக்கிறதோ அங்கெல்லாம் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் மரப்பெட்டியிலும் பேலட்டிலும்தான் வந்து இறங்குகின்றன. சரக்கை இறக்கியதும் அந்த மரத்துக்கு அங்கே வேலை இல்லை. பழைய பேக்கிங் மரம் விற்கிற கடைகளுக்குப் போய், அங்கே விற்காதது விறகாகப் போகிறது. அடுப்புக்குப் போகவிருந்த பலகையை வாசலுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் ஆடம்பரமா?

பழைய வீடு இடிக்கிற இடங்களிலும் பலகை கிடைக்கும். வேப்பம்பலகை கிடைத்தால் அது யோகம். பூச்சி சுலபத்தில் அண்டாது. ஆக மரத்தின் விலை ஒரு பிரச்சினையே இல்லை. கடைக்குப் போய், நான்கு பலகையைப் பொறுக்கி, அதைத் தோளில் வைத்துத் தெரு வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பிரச்சினை. (பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார் அல்லவா!)

அழுகிவிடுமாம்!

இது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப்பொய்யைவிட ஆபத்து.

பைன் அழுகக்கூடிய மரம்தான், தேக்கு மாதிரி நிற்காது. ஆனால் மரத்தை அழுக வைப்பது மழை இல்லை, பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறவரை அந்தப் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. நனைவதால் மரம் கெடுவதில்லை. நனைந்தது காய வழியில்லாமல் கிடப்பதால்தான் கெடுகிறது.

இது மேல்நாட்டு ஆராய்ச்சியில் தெரிய வந்த ரகசியமும் இல்லை. பழைய திண்ணை வீடு எதையாவது போய்ப் பாருங்கள். மரத்தூண் தரையைத் தொடாது. அடியில் ஒரு கல் பீடம் இருக்கும். திண்ணைக்கு அழகு செய்யவா அந்தக் கல்? தரையின் ஈரமும் கரையானும் மரத்தில் ஏறக்கூடாது என்பதற்காக வைத்தது. அந்தத் தூணை நட்டவருக்குப் பூஞ்சை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் மரத்துக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவருடைய கொள்ளுப்பேரன் மரத்தை நேராக டைல்ஸ் தரையில் வைத்து, அடியில் தண்ணீர் தேங்கவிட்டு, ஆறு மாதத்தில் பலகை கறுத்ததும் "மரமே வேஸ்ட்டுப்பா" என்கிறான்.

பெட்டி செய்ய வேண்டிய முறை இதுதான். நான்கு மூலையிலும் உள்பக்கமாக ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்து அதில் பக்கப் பலகைகளை அடிக்க வேண்டும். இரண்டு நீளப் பக்கங்களின் உள்ளே, கீழ் விளிம்பை ஒட்டி ஆளுக்கொரு ரீப்பர். அந்த ரீப்பர்கள் மேல் துண்டுப் பலகைகளைக் குறுக்காக அடுக்கினால் அடித்தளம் தயார். துண்டுகளுக்கு இடையே கால் அங்குலம் இடைவெளி விட்டால் போதும், தண்ணீர் வடிய டிரில் மெஷின் வைத்துத் துளை போட வேண்டிய அவசியமே இல்லை. பேலட்டைப் பிரிக்கும்போது உடைந்துபோன பலகைகள் எல்லாம் இந்தக் குறுக்குத் துண்டுக்குச் சரியாக வரும். எல்லாம் முடிந்ததும் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். திண்ணைத் தூணின் கல் பீடம் செய்த வேலையைத்தான் இந்தச் செங்கல் செய்கிறது.

உள்ளே? பக்கவாட்டில் மட்டும் கனமான பாலித்தீன் தாள். அடியில் தாள் போடக்கூடாது. போட்டால் பெட்டி தொட்டியாகாது, குளமாகிவிடும். அடியில் ஒரு பழைய அரிசிச் சாக்கை விரித்தால் மண் நிற்கும், தண்ணீர் இறங்கும். "பிளாஸ்டிக்கைத் திட்டிவிட்டு இப்போது பிளாஸ்டிக் தாளா?" என்று கேட்கிறவர்களுக்கு: வெயில் படாத பிளாஸ்டிக் சுலபத்தில் நொறுங்காது. பிளாஸ்டிக் தொட்டியைச் சாகடிப்பதே வெயில்தான்.

மண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பெட்டி சுமார் 45 லிட்டர் கொள்ளும். வெறும் தோட்டத்து மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் எழுபது கிலோவை நெருங்கும். அடிப்பலகை முனகும், நகர்த்தவும் முடியாது. மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்தால் எடையும் குறையும், வேருக்கும் காற்று கிடைக்கும். வடிகிற தண்ணீர் தரையைக் கறையாக்கும் என்று அடியில் தட்டு வைக்கிறவர்கள் அதைத் தினமும் கொட்டியாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீர் தாராளம். வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் ஒரு பலகை அழுகத்தான் செய்யும். சந்தேகமே வேண்டாம். ஆனால் அப்போது அந்த ஒரு பலகையைக் கழற்றிவிட்டு இன்னொன்று அடிக்கலாம். விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டியில் எந்தப் பக்கத்தைக் கழற்றி மாட்டுவது? மலிவு என்பதை வாங்குகிற அன்றைய பில்லை வைத்து அளப்பதுதான் அடிப்படைத் தப்பு. பழுது பார்க்க முடிகிற பொருள்தான் மலிவு. மற்றதெல்லாம் தவணையில் வாங்குகிற குப்பை.

(குயவர் செய்கிற மண்தொட்டியோடு இங்கே சண்டை எதுவும் இல்லை. அது மண்ணுக்குச் சொந்தக்காரர். சண்டை பிளாஸ்டிக்கோடுதான்.)

கரையான் அரித்துவிடுமாம்!

கரையான் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. வீட்டு மரத்தை அரிக்கிற மண் கரையான் பெரும்பாலும் தரையிலிருந்து மண்ணால் குழாய் மாதிரிப் பாதை கட்டிக்கொண்டுதான் ஏறும். பெட்டி தரையோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பாதை கண்ணில் படாது. செங்கல் மேல் இருந்தால் செங்கல்லின் முகத்திலேயே தெரியும். தண்ணீர் ஊற்றுகிற கையாலேயே விளக்குமாற்றை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. வாரம் ஒரு முறை குனிந்து பார்க்க முடியாதவர்கள் செடி வளர்க்க ஆசைப்படுவதே தப்பு.

ஆனால் ஊரில் செய்வது என்ன? கரையானுக்குப் பயந்து மெக்கானிக் ஷாப்பிலிருந்து வேஸ்ட் ஆயிலை வாங்கிவந்து மரத்தில் பூசுகிறார்கள். வேலிக் கம்பத்துக்குப் பூசிய பழக்கம், கீரைப் பெட்டிக்கும் வந்துவிட்டது. ஓடிக் கழிந்த என்ஜின் ஆயிலில் கன உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் உண்டு. அது மண்ணில் இறங்கும். கடைக்கீரையில் மருந்து அடிக்கிறார்கள் என்று பயந்து வீட்டில் கீரை போடுகிறவர், அந்தக் கீரையை என்ஜின் ஆயிலில் வளர்ப்பது எந்த ஊர் நியாயம்?

மலிவுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் மரம் பொறுக்கக் கூடாது. கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் பாய்ச்சிய பழைய ரயில் கட்டை சல்லிசாகக் கிடைத்தாலும் உணவுச் செடிக்கு வேண்டாம். பழைய கதவு, ஜன்னல் பலகையில் ஏறியிருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்திய விதி 2017-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைச் சுரண்டுவது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைத்தான் வெகுகாலம் வீட்டு முற்றங்களில் உபயோகித்தார்கள். 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்து ஏற்றுவதை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

பேக்கிங் மரத்தில் இந்தக் கண்டறிதல் சுலபம். நாடு விட்டு நாடு போகிற மரப்பெட்டிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்று ஒரு சர்வதேச விதி 2002-இலிருந்து உண்டு. பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை, பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றியது. வெறும் சூடுதான், மருந்து இல்லை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை எடுக்காமல் இருப்பது உத்தமம். எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ள பலகையும் வேண்டாம். இரண்டு எழுத்தைப் படித்துப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆக விலையும் போயிற்று, அழுகலும் போயிற்று, கரையானும் போயிற்று. பிறகும் ஏன் தெருவுக்கு ஒரு மரப்பெட்டிகூட இல்லை?

நான்காவது காரணம்

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களிடம் "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "ஆணி புடுங்கறேன்" என்று சொல்வது ஒரு காலத்தில் பெரிய ஃபேஷன். அவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே ஓர் ஆணியைப் பிடுங்கத் தெரியும்? பேலட்டில் அடித்த ஆணிக்குப் பெரும்பாலும் உடம்பெல்லாம் வரி இருக்கும், இழுத்தால் பலகை பிளக்குமே தவிர ஆணி வராது. இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு ஹாக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிட்டால் பலகை சேதாரம் இல்லாமல் வரும். இந்தச் சின்ன விஷயம் தெரியாததாலேயே முதல் பலகை பிளந்த உடன் "இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று எழுந்து போகிறவர்கள் ஏராளம்.

இதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் சேர்ந்த மாணவருக்கு முதல் வருடத்திலேயே இன்ஜினியரிங் பிராக்டிசஸ் என்று ஒரு லேப் இருந்தது. அதில் தச்சு வேலையும் ஒரு பகுதி. ரம்பம் பிடிப்பது, இழைப்பது, டி-ஜாயிண்ட், டவ்டெயில் ஜாயிண்ட் எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருந்தது. நடந்தது என்ன? அளவாக அறுத்த கட்டையை லேப் உதவியாளரே கையில் கொடுப்பார். உளியை இரண்டு தட்டுத் தட்டி, ஜாயிண்ட் ஆடினால் நடுவில் மரத்தூள் வைத்து அமுக்கி, மார்க் வாங்கி, கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேண்டீனுக்கு ஓடுவார்கள். ரெக்கார்டு நோட்டில் மட்டும் படம் அப்படி நேர்த்தியாக இருக்கும்!

இந்தப் பெட்டிக்கு டவ்டெயில்கூட வேண்டாம். பலகையைப் பலகையோடு முட்ட வைத்து ஆணி அடித்தால் போதும். ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம், கால் கிலோ ஆணி. அதுவும் துருப்பிடிக்காத ஜி.ஐ. ஆணியாக இருந்தால் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு வருடம் பொறியியல் படித்தவருக்கு இது முடியாது என்றால், தெரியாததால் முடியவில்லை என்று அர்த்தம் இல்லை. கூச்சம்.

ஆமாம், கூச்சம்தான் நான்காவது காரணம். வாசலில் உட்கார்ந்து சுத்தியல் பிடித்தால் "என்ன, ஆசாரி வேலையெல்லாம் ஆரம்பிச்சாச்சா?" என்று தெருவே கேட்கும். கேலியாகத்தான் கேட்கும். "படிச்ச புள்ள இதையெல்லாம் ஏன் செய்யணும்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். பெண்பிள்ளை என்றால் சுத்தியலைக் கையிலிருந்தே பிடுங்கிவிடுவார்கள். படிப்பு என்பதே கையால் வேலை செய்வதிலிருந்து தப்பிக்கக் கொடுத்த டிக்கெட் என்று ஒரு சமூகமே நம்புகிறது. டிக்கெட் வாங்கினவன் நடந்து போனால் கேவலம் இல்லையா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும், அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1953-இல் ராஜாஜி அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் பழகுவார்கள். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வும் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. "மறுபடியும் பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால், கேட்பவர் பக்கம் வரலாறு இருக்கிறது.

எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி. தச்சர் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்பதை எதிர்த்தார்கள். அது பிறப்பைக் கொண்டுவந்து தொழிலின் காலில் கட்டுகிற வேலை. ஆனால் அந்தப் போராட்டத்தின் மறுபாதி இன்னும் நடக்கவே இல்லை. தச்சர் மகன் இன்ஜினியர் ஆகலாம் என்று ஆயிற்று, நல்லது. இன்ஜினியர் மகன் தச்சு வேலை பழகலாம் என்று ஆயிற்றா? ஒருவழிப் பாதையாக மட்டும் இருக்கிறவரை, மேலே போகிறவர்கள் கீழே இருப்பதைக் கேவலம் என்று நினைத்துக்கொண்டேதான் போவார்கள். சுத்தியலை எல்லார் கையிலும் கொடுப்பது குலக்கல்வி இல்லை. குலக்கல்விக்கு நேர் எதிரானது அது. ஒரு கருவி எல்லார் கைக்கும் வந்துவிட்டால், அதை வைத்து யார் எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க முடியாது.

"எல்லாரும் செய்துகொண்டால் தச்சர் பிழைப்பு என்னாவது?" என்றும் சிலர் திடீர்க் கரிசனத்தோடு கேட்பார்கள். இந்த அரைநாள் வேலைக்குத் தச்சர் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கூப்பிட்டாலும் வர நேரமிருக்காது. இதுவரை அந்தப் பெட்டிக்கான காசு தச்சருக்குப் போகவே இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்குத்தான் போனது. அதோடு, ஒரு பலகையை நேராக அறுக்க முயன்று கோணலாக அறுத்தவருக்கு மட்டும்தான் நேராக அறுக்கிற கையின் விலை தெரியும். அவர் அடுத்த முறை கதவு வேலைக்கு வருகிற தச்சரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டார். பேரம் பேசுகிற எல்லாருமே சுத்தியல் பிடிக்காதவர்கள்தான்.

முதல் பெட்டி கோணலாகத்தான் வரும். ஒரு மூலை கால் அங்குலம் ஏறி நிற்கும். ஆணி ஒன்று பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பரவாயில்லை. புதினாவுக்கு மூலைமட்டம் தெரியாது. ஓமவல்லியும் டேபிள் ரோஸும் வழிந்து இறங்கினால் கோணல் இருந்த இடமே காணாமல் போகும்.

தெருவில் போகிறவர் நின்று "இது எங்கே வாங்கினது?" என்று கேட்பார். "வாங்கலை, செஞ்சது" என்று பதில் வரும். கேட்டவர் முதலில் சிரிப்பார். பிறகு குனிந்து அடியில் செங்கல் இருப்பதைப் பார்ப்பார். பிறகு, "இந்தப் பலகை எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார்.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

டிஸ்கி: வார்னிஷோ பெயிண்டோ அடிப்பதாக இருந்தால் வெளிப்புறம் மட்டும் போதும். மண் படுகிற பக்கம் வேண்டாம். வேஸ்ட் ஆயில் எந்தப் பக்கமும் வேண்டாம் :-)